காசிநாதனின் இடது ஆள்காட்டி விரல்

பட்டைமேடு மண்ணால் ஆன மேடு அல்ல. ஆவாரம்பட்டையின் சாரமெல்லாம் தோலுக்குள் இறங்கிய பிறகு மிஞ்சும் சக்கையைத் தோல் கம்பெனிகள் ஐம்பது வருஷமாக ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கொட்டி வந்தன. கொட்டியது மக்கி, இறுகி, மேடாயிற்று. அதன் மேல் குடிசை போட வந்தவர்களை யாரும் தடுக்கவில்லை. நகராட்சியின் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத இடத்துக்கு யார் வந்து தடுப்பார்கள்? 1981-இல் அங்கே நூற்றிருபது வீடுகள் இருந்தன. மழை பெய்தால் தரை காலுக்கடியில் மெத்தையாக அமுங்கும். வெயில் ஏறினால் புளித்த வாடை எழும். அங்கே பிறந்தவர்களுக்கு அது வாடையாகவே தெரியாது. வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வரும் பெண்கள் மூன்று மாதம் மூக்கைச் சுளிப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள்.

அரக்கோணத்துப் பக்கமிருந்து காசிநாதனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பூரணி வாடையை மறந்தாள். தண்ணீரை மறக்கவில்லை. மேட்டுக் கிணற்றில் இறைத்த தண்ணீரை வெள்ளைச் சொம்பில் ஊற்றினால் பால் விடாத டீ மாதிரி இருக்கும். வாயில் வைத்தால் உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குடிக்கிற தண்ணீருக்குத் தண்டவாளத்தைத் தாண்டிக் கடைத்தெருக் குழாய்க்குப் போகவேண்டும். அங்கே தெருக்காரர்கள் பிடித்து முடித்த பிறகுதான் பட்டைமேட்டுக் குடங்களுக்கு முறை. அப்படி யாரும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. குடத்தை முன்னால் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

காசிநாதன் சாயப் பிரிவில் வேலை செய்தான். பாதி பதனிட்ட தோலை அப்படியே கப்பல் ஏற்றக் கூடாது என்று எழுபதுகளின் நடுவில் கட்டுப்பாடு வந்ததும் கம்பெனிகளில் சாய டிரம்கள் வந்து இறங்கின. ஒரு லாரி நிற்குமளவு பெரிய மர உருளைகள். உள்ளே தோலும் வெந்நீரும் சாயப் பொடியும் நாள் முழுக்கச் சுற்றும். டிரம்மைத் திறந்து ஈரத்தோலை வாரி வெளியே போடுவது காசிநாதன் வேலை. கம்பெனி வருஷத்துக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை தரும், அது பொங்கலுக்குள் கிழிந்துவிடும். அதனால் அவன் கை எந்த நிறம் என்பதை ஆர்டர் கொடுக்கிற வெள்ளைக்காரன்தான் தீர்மானித்தான். ஒரு மாதம் காப்பி நிறம், ஒரு மாதம் கறுப்பு, ஒரு மாதம் கருநீலம். நகக்கண்ணில் மட்டும் எல்லா மாதமும் சேர்ந்து கிடக்கும்.

அந்த வருஷம் சித்திரையில் நகராட்சியிலிருந்து ஒரு நோட்டீசு வந்தது.

ஊரில் கவுன்சிலர்கள் இல்லாமல் ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. தனி அலுவலர் என்று ஒருவர் வருவார், ஒரு வருஷம் இருப்பார், மாற்றலாகிப் போவார். அப்போது இருந்தவர் வயதில் இளையவர், நல்லது செய்ய நினைத்தவர். நல்லது செய்ய நினைக்கிறவர்களுக்கு எல்லாமே ஒரு குழு அமைத்தால் நடந்துவிடும் என்று தோன்றும். ‘நகரப் பொதுமக்கள் ஆலோசனைக் குழு’ என்று ஒன்றை அறிவித்தார். பேட்டைக்கு ஒருவர், பேட்டை மக்களே தேர்ந்தெடுப்பது. பதினான்கு பேட்டைகளில் கடைசியாகப் பட்டைமேடும் இருந்தது. ஆற்றிலிருந்து புதிய குழாய் வரப்போகிறது, எட்டுப் பொதுக்குழாய்களுக்குப் பணம் இருக்கிறது, எந்த எட்டு இடம் என்பதைக் குழுவின் முதல் கூட்டமே முடிவு செய்யும். நோட்டீசின் அடியில் இருந்த இந்த வரியைக் காசிநாதன் கம்பெனி வாசலில் நின்று நாலு தடவை படித்தான்.

“நீ நில்லுய்யா” என்றாள் பூரணி.

“நானா? எனக்குப் பேச வராதே.”

“எங்கிட்ட நல்லாத்தானே கத்துற. அங்க போய்க் கத்து. வேற இன்னா வேணும்?”

எதிராக நின்றவர் சுந்தரமூர்த்தி. மேட்டுக்கு எதிரே, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மண்ணெண்ணெய் டிப்போ வைத்திருந்தார். வீடு கடைத்தெருவில், பின்கட்டில் பம்பு செட்டோடு. பட்டைமேட்டுக்காரர்களுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர் என்ற ஒரே காரணத்தால் அவரும் பட்டைமேட்டுக்காரர் ஆனார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அளவில் குறைக்க மாட்டார். ஆனால் மேட்டுத் தண்ணீரை ஒருநாளும் குடித்ததில்லை.

மற்ற பதின்மூன்று பேட்டைகளிலும் வீட்டுவரிப் பதிவேட்டை வைத்துப் பெயர் கூப்பிட்டுச் சீட்டுக் கொடுத்தார்கள். பட்டைமேட்டில் வீட்டுவரி இல்லை, ஆகவே பதிவேடு இல்லை. சட்டசபைக்கு ஓட்டுப் போடும் லிஸ்ட் ஒன்று இருந்தது. அதில் மேட்டுக்காரர்கள் பாதிப் பேர், வேறு தெருவின் பெயருக்குக் கீழே கலந்து கிடந்தார்கள். அதையாவது எடுத்துக்கொள்ளலாமே என்று காசிநாதன் கேட்டபோது நகராட்சி எழுத்தர் அரங்கநாதன், “அது தாலுக்கா ஆபீஸ் லிஸ்ட்டுப்பா. நம்மது இல்ல” என்றார். ஆகவே பட்டைமேட்டுக்கு மட்டும் ஒரு தனி ஏற்பாடு. வருகிறவரின் இடது ஆள்காட்டி விரலைப் பார்ப்பது, குறி இல்லையென்றால் ஆபீஸ் முத்திரைக்கு வைத்திருக்கும் ஊதா மையைத் தடவிச் சீட்டுக் கொடுப்பது, குறி இருந்தால் திருப்பி அனுப்புவது. ஒருவர் இரண்டு தடவை போடாமல் இருக்க அந்த விரல் ஒன்றுதான் காவல்.

வாக்குப்பதிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேட்டடியில் இருந்த பால்வாடிக் கட்டடத்தில். ஏற்றுமதி அவசரத்தால் அன்றும் கம்பெனியில் அரை நாள் வேலை. காசிநாதன் ஒரு வாரம் அலைந்து ஏற்பாடு செய்திருந்தான். வேலை விட்டதும் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது, குளிக்கக் கூடாது, நேராகப் பால்வாடிக்கு வரவேண்டும். வீட்டுக்குப் போனவன் சாப்பிடுவான், சாப்பிட்டவன் படுப்பான், படுத்தவன் எழ மாட்டான். மூன்று கம்பெனிகளின் சாயப் பிரிவு ஆட்கள், ஆணும் பெண்ணுமாக எண்பதுக்கு மேல், பன்னிரண்டரைக்கு வரிசையாக வந்து நின்றார்கள். அவன் மனத்துக்குள் ஒரு சின்னப் பெருமை. அப்படி ஒரு வரிசையைப் பட்டைமேடு குழாயடியில்கூடப் பார்த்ததில்லை.

அது கருநீல மாதம்.

முதலில் போனவன் ரஷீத் அஹமது, காசிநாதனோடு ஒரே டிரம்மில் வேலை செய்பவன். அரங்கநாதன் அவன் விரலைப் பார்த்தார். மேசை மேலிருந்த மைப் புட்டியைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார்.

“நீ போட்டுட்டியேப்பா.”

“இப்பத்தான் சார் உள்ளயே வர்றேன்.”

“விரல்ல மை இருக்கே.”

“சார், இது மை இல்ல, சாயம். பத்து விரலும் பாருங்க. பத்து ஓட்டா போட்டேன்?”

பின்னால் சிரித்தார்கள். அரங்கநாதன் சிரிக்கவில்லை. “குறி இருந்தா சீட்டுக் கிடையாது. ஆர்டர்ல அப்படித்தான் இருக்கு. அடுத்த ஆள்.”

அடுத்த ஆளுக்கும் பத்து விரல். அதற்கடுத்த பெண்ணுக்கு முழங்கை வரைக்கும். வரிசை முழுக்கக் கருநீலமாக நின்றது. காசிநாதன் உள்ளே ஓடி, “சார், எல்லாரும் நேரா வேலைலேர்ந்து வர்றாங்க சார், நான்தான் கூட்டியாந்தேன்” என்றான். சொல்லும்போதே தான் என்ன செய்திருக்கிறோம் என்பது அவனுக்குப் புரிந்தது. தன் விரலை நீட்டினான். அரங்கநாதன் அதையும் ஒழுங்காகப் பார்த்து, தலையை ஆட்டினார். வேட்பாளருக்கே ஓட்டு இல்லை என்றாயிற்று.

எண்ணிக்கை முடிந்தபோது சுந்தரமூர்த்திக்கு இருபத்தேழு, காசிநாதனுக்கு ஒன்பது. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எண்பத்து மூன்று பேர். இந்தக் கடைசி எண்ணை அரங்கநாதன் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார். அது ஒன்றுதான் அவர் விதிக்கு வெளியே செய்த காரியம். அதைப் பிடித்துக்கொண்டுதான் காசிநாதன் மறுநாள் மனுவோடு தனி அலுவலரிடம் போனான்.

தனி அலுவலர் மனுவைக் கவனமாகப் படித்தார். “விதி எல்லாருக்கும் ஒண்ணுதானேங்க?” என்றார், உண்மையாகவே வருத்தத்தோடு.

விதி ஒன்றுதான். கைதான் ஒன்றாக இல்லை. அதைச் சொல்லத் தெரியாமல் காசிநாதன் தன் இரண்டு கைகளையும் மேசைக்கு மேல் விரித்துக் காட்டினான். தனி அலுவலர் கோப்புகளைச் சற்றுத் தள்ளி வைத்தார். சாயம் ஒட்டும் என்று நினைத்திருக்கலாம்.

“விரலுக்குப் பதிலா கால்ல மை வெச்சா இன்னா சார்? காலு சுத்தமாத்தான் இருக்கு. பூட்ஸ் போட்டுத்தான் வேலை செய்றோம்.”

பக்கத்தில் நின்ற அரங்கநாதன் குறுக்கிட்டார். “ஒவ்வொருத்தன் காலையும் நான் புடிச்சு மை வைக்கணுமா? நல்லாருக்குய்யா நியாயம்!”

“கால் விரல்னு ஆர்டர்ல இல்லையே” என்று தனி அலுவலர் மெதுவாகச் சொன்னார். பிறகு யோசித்து, பதிவான ஓட்டை விடத் திருப்பி அனுப்பிய ஓட்டு அதிகம் என்பதால் மறுபதிவு என்று எழுதினார். இரண்டு வாரம் கழித்து, திங்கட்கிழமை காலை. குழுவின் முதல் கூட்டம் அந்தப் புதன்கிழமை.

அந்த இரண்டு வாரத்தைப் பட்டைமேடு கை கழுவுவதில் செலவிட்டது. கடைசி நாலு நாள் சாயப் பிரிவு ஆட்கள் டிரம் பக்கம் போகவில்லை. சிலர் லீவு போட்டார்கள், சிலர் மேஸ்திரியின் காலைப் பிடித்து உலர்தோல் பக்கம் மாற்றிக்கொண்டார்கள். எலுமிச்சை மூடி, செங்கல் தூள், சாக்கடைக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடர் என்று யார் எதைச் சொன்னாலும் தேய்த்தார்கள். சாயம் போயிற்று, மேல் தோலும் கூடவே போயிற்று. ரஷீத் விரலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “தோஸ்த், கல்யாணத்தன்னைக்குக்கூட என் கை இவ்ளோ வெளுப்பா இல்ல. என் பொண்டாட்டி யாரோ வந்துட்டான்னு பயப்படுறா” என்றான்.

“எரியுதா?”

“எரியாம? தோலைப் பதப்படுத்துறவன் தோலைத் தானே உரிச்சுக்கிட்டான்.”

எரிந்த கைக்கு அவர்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று. தோல் கம்பெனி வேலைக்காரன் வீட்டில் உப்பு இல்லாமல் இருக்கலாம், புங்க எண்ணெய் இல்லாமல் இருக்காது. தோலுக்குத் தடவுகிற அதே எண்ணெயைத்தான் வெடித்த கைக்கும் தடவுவார்கள். காலையில் வெளியே கிளம்புகிறவன் வாசலில் மாட்டியிருக்கும் புட்டியிலிருந்து இரண்டு சொட்டு ஊற்றி இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு போவது, மற்றவர்கள் செருப்பு மாட்டிக்கொள்வது போல. யாரும் யோசித்துச் செய்வதில்லை. திங்கட்கிழமை காலையும் யாரும் யோசிக்கவில்லை. காசிநாதனுக்குப் பூரணிதான் ஊற்றினாள். வழக்கத்தை விட ஜாஸ்தியாக, புண்ணாகியிருக்கிறதே என்று.

எட்டு மணிக்குப் பதிவு தொடங்கியது. அரங்கநாதன் முதல் விரலைப் பார்த்து, “ம், இப்ப சரி” என்றார். மையைத் தொட்டு வைத்தார். சீட்டுக் கொடுத்தார். பத்துப் பன்னிரண்டு பேர் போட்டு வெளியே போன பிறகு, சுந்தரமூர்த்தியின் ஆளாக உள்ளே உட்கார்ந்திருந்த டிப்போ பையன் வேலு எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினான். “சார்! போட்டுட்டுப் போனவங்க விரல்ல ஒண்ணுமே இல்ல சார்!”

அரங்கநாதன் எழுந்து போய்ப் பார்த்தார். மை இல்லை. தாமரையிலையில் விட்ட சொட்டு மாதிரி எண்ணெயின் மேல் உருண்டு, வேட்டியிலும் புடவை முந்தானையிலும் துடைத்துக்கொண்டு போயிருந்தது. ரஷீத்தின் விரலைத் தானே பிடித்து மறுபடி வைத்தார். அவர் கண்ணெதிரே வழுக்கி இறங்கியது.

“இன்னாய்யா இது, மாய மந்திரமா?”

“புங்க எண்ணெய் சார்.”

“ஓட்டுப் போட வர்றவன் எதுக்குய்யா எண்ணெய் தேய்ச்சிக்கிட்டு வர்றான்?”

ரஷீத் காசிநாதனைப் பார்த்தான். போன தடவை கழுவாமல் வந்தது குற்றம், இந்தத் தடவை கழுவி வந்தது குற்றம்.

“சோப்புப் போட்டுக் கழுவிட்டு வரச் சொல்லு” என்றார் அரங்கநாதன். அதுவரைக்கும் அவர் நியாயமாகத்தான் இருந்தார். சோப்பு கொண்டுவந்தார்கள். வரிசையிலிருந்த தாயாரம்மாள் கிணற்றிலிருந்து ஒரு குடம் இறைத்துவந்து வைத்தாள். அந்தத் தண்ணீரில் சோப்பு என்றைக்கு நுரைத்தது? கையில் தயிர் மாதிரி திரிந்தது. எண்ணெய் போகவில்லை, மேலே ஒரு பிசுக்கு சேர்ந்ததுதான் மிச்சம். நல்ல தண்ணீர் வேண்டும். கடைத்தெருக் குழாயில் அன்று தண்ணீர் வருகிற நாள் இல்லை. பூரணி ஓடிப்போய் வீட்டில் இருந்த இரண்டு குடத்தையும் தூக்கிவந்தாள். மேட்டில் மற்ற வீடுகளில் கேட்டால், முந்தாநாள் பிடித்தது, இன்னும் இரண்டு நாளைக்கு வேண்டும் என்றார்கள். யார் மேலும் குற்றமில்லை. இரண்டு குடத்தில் பதினெட்டுப் பேர் கை கழுவினார்கள். அத்தோடு தீர்ந்தது.

நல்ல தண்ணீர் கேட்பதற்கு ஓட்டு வேண்டும். ஓட்டுப் போடுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். இந்த வட்டத்துக்குள் எந்தப் பக்கமாக நுழைவது என்று காசிநாதன் பால்வாடி வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது மணி பன்னிரண்டு ஆயிற்று. அரங்கநாதன் பெட்டிக்குச் சீல் வைத்தார். ஆனால் எண்ணவில்லை. “குறி இல்லாம போட்டது இத்தனை, குறியோட போட்டது இத்தனைன்னு பிரிக்க முடியாது. இந்தப் பதிவு செல்லாது.”

“அப்ப எங்க பேட்டைக்கு யாரு சார்?”

“யாரும் இல்ல.” தாள்களைக் கட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். “நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள ரெண்டு பேர்ல ஒருத்தர் வாபஸ் வாங்கிட்டா, மத்தவரைப் போட்டியில்லாம எடுத்துக்கலாம். ஓட்டும் வேணாம், விரலும் வேணாம். இல்லன்னா புதன்கிழமை உங்க நாற்காலி காலிதான்.”

காசிநாதன் அன்று சாயங்காலமே டிப்போவுக்குப் போனான். சுந்தரமூர்த்தி ஸ்டூலில் உட்கார்ந்து சீப்பால் மீசையை வாரிக்கொண்டிருந்தார்.

“வா காசி. கை எப்படி இருக்கு?”

“அண்ணே, நீங்க விட்டுக் குடுக்கணும்.”

“நானா? இருபத்தேழு ஓட்டு வாங்குனவன் விட்டுக் குடுக்குறதா? நீ ஒன்பதுப்பா.”

“அது எப்படி ஒன்பதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். ஆனா எண்ணுனது எண்ணுனதுதானே.” சீப்பைப் பையில் செருகினார். “இதப் பாரு. உனக்கு இன்னா வேணும், நாற்காலியா, குழாயா?”

“குழாய்தான்.”

“அப்ப பேஜாரு வுடு. நான் போறேன், குழாய் கேக்கறேன். நான் கேட்டா ஆபீஸர் எழுந்து நின்னு கேப்பாரு. நீ கேட்டா உன் கையைப் பாப்பாரு. நெஞ்சத் தொட்டுச் சொல்லு, இல்லையா?”

காசிநாதன் நெஞ்சைத் தொடவில்லை. தனி அலுவலர் கோப்பைத் தள்ளி வைத்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்ப் பூரணியிடம் சொன்னான்.

“அந்தாளு நம்ம தண்ணிய ஒரு வாய் குடிச்சவனா?”

“இல்ல.”

“அப்பறம் இன்னான்னு கேப்பான்?”

“நாற்காலி காலியா இருந்தா யாருமே கேக்க மாட்டாங்க பூரணி. காலிய விட அவர் தேவலாம் இல்ல?”

“தேவலாம்” என்றாள் அவள். “தேவலாம், தேவலாம்னே நம்ம காலம் போய்டும்.”

மறுநாள் நாலரை மணிக்கு அவன் வாபஸ் கடிதத்தில் கையெழுத்துப் போட்டான். தாளில் ஓரிடத்தில் புங்க எண்ணெய் பட்டு, எழுத்துக்குப் பின்னால் வெளிச்சம் தெரிந்தது. அரங்கநாதன் அதை வாங்கிக்கொண்டார். அதைச் செல்லாது என்று சொல்லவில்லை.

புதன்கிழமை கூட்டம் நடந்த நேரம் முழுக்க அவன் நகராட்சித் தாழ்வாரத்தில் நின்றான். கதவிடுக்கு வழியாகப் பதினான்கு பேரின் முதுகு தெரிந்தது. பாதிப் பேர் தூங்கினார்கள். சுந்தரமூர்த்தி சொன்னபடியே எழுந்து கேட்டார். நன்றாகவே கேட்டார். எட்டில் எட்டாவதாகப் ‘பட்டைமேடு, ஒன்று’ என்று எழுதிக்கொண்டார்கள். காசிநாதன் வேலூர் ரோடு வரைக்கும் வந்து சைக்கிளை நிறுத்தி, சோடா வாங்கிக் குடித்தான். வாழ்க்கையில் சோடா தானாக வாங்கிக் குடித்தது அதுதான் முதல் தடவை.

குழாய் வர ஒன்றே கால் வருஷம் ஆயிற்று. வந்தது. சுந்தரமூர்த்தியின் டிப்போ வாசலில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். மேட்டுக்கு ஏற்றுகிற அளவுக்கு பிரஷர் போதாது என்று இஞ்ஜினீயர் சொன்னாராம். டிப்போ வாசலுக்குப் போதும் என்றும் அவரேதான் சொன்னார். குழாய் மேடையில் ‘பட்டைமேடு பொதுக்குழாய்’ என்று சிமெண்டில் எழுதியிருந்தது. பழைய குழாயை விட இருநூறு தப்படி பக்கம். மற்றபடி அதே தண்டவாளம், அதே தெருக்காரர்கள், அதே வரிசை. சுந்தரமூர்த்தியைக் குற்றம் சொல்ல எந்த வழியும் இல்லை. கேட்பதாகச் சொன்னார், கேட்டார். வைப்பதாகச் சொன்னார்கள், வைத்தார்கள். ஒவ்வொன்றும் சொன்னபடி நடந்தது. சேர்த்துப் பார்த்தால்தான் ஒன்றும் நடக்கவில்லை.

காசிநாதன் போய் அரங்கநாதனிடம் சண்டை போட்டான்.

“மேடு எங்கப்பா இருக்கு?” என்றார் அவர், கிண்டலாக இல்லாமல். “ரிஜிஸ்தர்ல பாரு. கதவு நம்பர் இருக்கா, தெருப் பேரு இருக்கா? இல்லாத இடத்துக்குப் பைப்பு போட எந்த ஆடிட்டர் விடுவான்? உன் விரலை எதுக்குப் பாத்தோம்? உன் பேரு எங்கயும் இல்லாததாலதானே?”

ஆலோசனைக் குழு மூன்று தடவை கூடியது. அந்தத் தனி அலுவலர் மாற்றலாகிப் போனதும் குழு கலைக்கப்படவில்லை. யாரும் கூட்டவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகு வந்த வருஷங்களில் காசிநாதன் செய்தது ஒரே ஒரு காரியம். கதவு எண்ணுக்காக மனுப் போட்டான். வருகிற ஒவ்வொரு தனி அலுவலருக்கும் முதலிலிருந்து விளக்கினான். ரஷீத்தையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நூற்றிருபது கதவிலும், கதவில்லாத இடத்தில் தட்டியிலும், தோலுக்கு அடிக்கிற கறுப்பு பாலிஷால் எண் எழுதினான். ‘இதெல்லாம் செல்லாதுப்பா’ என்று பார்க்க வந்த பில் கலெக்டர் சொன்னார். ஆனால் எழுதி முடித்த எண்ணைப் பார்த்தால் குறித்துக்கொள்ளக் கை வரும் போலிருக்கிறது. எண்பத்தைந்தில் வாக்காளர் பட்டியல் எடுக்க வந்தவர்கள் அந்த எண்களையே அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். இதைப் பெரிய வெற்றியாக யாரும் சொல்லவில்லை, காசிநாதனும் சொல்லவில்லை. எண்கள் வந்த பிறகு வீட்டுவரி நோட்டீசு வந்தபோது அவனைத் திட்டியவர்கள் உண்டு.

எண்பத்தாறில் நகராட்சிக்கு உண்மையான தேர்தல் வந்தது. பட்டைமேடும் கடைத்தெருவும் ஒரே வார்டு. சுந்தரமூர்த்தி நின்றார். ‘பட்டைமேட்டுக்குக் குழாய் தந்தவர்’ என்று சுவரில் எழுதியிருந்தார்கள். காசிநாதன் நிற்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வாக்குப்பதிவு நாள் தண்ணீர் வருகிற நாளாகவும் இருந்தது. பூரணி குடங்களோடு டிப்போ வாசல் வரிசையில் நின்றாள். “நீ போய்ப் போட்டுட்டு வாய்யா. நீ வந்து இடத்தப் பாத்துக்கோ, அப்பறம் நான் போறேன்.”

சாவடியில் மேசைக்குப் பின்னால் யாரோ ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். காசிநாதன் பழக்கத்தில் இடது கையை முன்னே நீட்டினான். ஆசிரியர் கையைப் பார்க்கவில்லை.

“பேரு? கதவு எண்?”

“காசிநாதன். நாப்பத்தொண்ணு.”

“நாப்பத்தொண்ணு, பட்டைமேடு... இருக்கு.” சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. மை வைப்பவர் குச்சியைத் தோய்த்து, காப்பி நிறத்தில் இருந்த அவன் விரலில் ஒரு இழுப்பு இழுத்தார். நல்ல தேர்தல் மைதான், எண்ணெய்க்கும் வழுக்கவில்லை. ஆனால் வைத்த இடம் கண்ணுக்குத் தெரியவில்லை.

“சார், மை தெரியலியே.”

“லிஸ்ட்ல டிக் பண்ணியாச்சு, போங்க. பின்னால ஆள் நிக்குது.”

போட்டான். யாருக்குப் போட்டான் என்று பூரணியிடம்கூடச் சொல்லவில்லை. வெளியே வந்து தண்டவாளத்தை ஒட்டி டிப்போ வாசலுக்கு நடந்தான். ஐந்து வருஷம் அலைந்து வாங்கிய எண், ஒரு நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டது. அவ்வளவு சுலபமானதை அன்றைக்கு ஏன் அத்தனை கஷ்டமாக்கினார்கள் என்று யோசித்தான். யோசிக்க யோசிக்க யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம்தான் வந்தது.

பூரணி அவனிடம் இடத்தை விட்டுவிட்டு ஓடினாள். அவன் குடங்களுக்குப் பக்கத்தில் நின்றான். அவர்கள் முறை வரும் நேரத்தில் கடைத்தெருப் பெண் ஒருத்தி இரண்டு குடத்தோடு வந்து, காலால் அவன் குடத்தை மெல்லத் தள்ளினாள்.

“மேட்டுக்காரங்கல்லாம் அப்பறம். தள்ளி வை.”

“நான் முன்னாடியே வந்தேன்மா.”

“அதுக்கின்னா? எப்பவும் அப்படித்தானே? போய் சுந்தரமூர்த்தி அண்ணனக் கேளு.”

காசிநாதன் குழாய் மேடையில் சிமெண்டில் எழுதியிருந்ததைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். படிக்கத் தெரிந்தவள்தான். தண்ணீர் நிற்க இன்னும் அரை மணிதான் இருந்தது. அவன் குடத்தைத் திரும்ப எடுத்துக் குழாய்க்கு நேர் கீழே வைத்து, இரண்டு கையாலும் அதன் வாயை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். பூரணி வரட்டும், அவள் சண்டை போடுவாள். அதுவரைக்கும் இதை நகர்த்த விடக் கூடாது. இப்போதைக்கு அவனால் முடிந்தது அவ்வளவுதான்.